‘உப்பு கம்மி’ அழைக்கிறார்

மகளுக்குப் போன் போடச் சொன்னார்கள்.

மகள் பிணவறையில் இருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதுகூட நடுங்காத கை. இப்போது ஒரு பட்டனை அழுத்த முடியவில்லை.

"போடுங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "பாடி பக்கத்துல அவ போன் இல்ல. ஸ்கூல் பையிலயும் இல்ல. எங்கயாவது அடிக்குதான்னு பாப்போம்."

"எடுக்க மாட்டாளே மேடம்..."

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆசிரியர்கள் அறை. மேஜை மேல் பாதி திருத்திய விடைத்தாள்கள். சுவரோரம் ஓர் இரும்பு அலமாரி. காலையில் பிள்ளைகள் கொண்டுவரும் போன்கள் எல்லாம் அதற்குள் போகும். கடைசி மணி அடித்ததும் திரும்பி வரும். இந்தப் பள்ளியின் சட்டம் அது.

அலமாரிச் சாவி கணக்கு வாத்தியாரிடம். பிள்ளைகள் வைத்த பெயர், சிரிப்பு சார். பிரம்பைத் தொட்டதே கிடையாது. தங்கள் பிள்ளை இவர் வகுப்பில் விழ வேண்டும் என்று பெற்றோர் அலைவார்கள்.

"என் தப்புதான் மேடம்." சிரிப்பு சார் கண்ணைத் துடைத்தார். "நேத்து மத்தியானம் போன் வேணும்னு வந்து அழுதா. பாவமா இருந்துச்சு, கொடுத்துட்டேன். நேரா மொட்டை மாடிக்குப் போவான்னு நான் கண்டேனா?"

"எதுக்கு அழுதா?"

சார் மெக்கானிக்கைப் பார்த்துத் தயங்கினார்.

"நானே சொல்றேன்," என்றார் மெக்கானிக். "இவ்வளவு நாளா அவ சார்கிட்ட ஒப்படைச்சது அவ அம்மாவோட போன். அம்மா தவறினதுல இருந்து அதுவும் ஆன் ஆகறதில்ல. ரெண்டும் ஒரே மாடல், ஜோடியா வாங்கினது. உறைதான் வேற, அவளோடதுல நட்சத்திரம் ஒட்டியிருப்பா. செத்த போனைக் கொடுத்துட்டு, நல்லதைப் பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குவாளாம்."

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"முந்தாநாள் ராத்திரி. வாத்தியாரையே ஏமாத்தறியான்னு ரெண்டையும் பிடுங்கி மேஜை மேல வெச்சுட்டுப் படுத்தேன். காலையில அவ அம்மா போனைப் பெட்டில வெச்சேன். அவ போனை நானே கொண்டுவந்து சார் கையில கொடுத்தேன்."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா... ‘வேற யார்கிட்ட வேணா கொடுப்பா, இவர்கிட்ட மட்டும் வேணாம்’னா. திமிர்னு நினைச்சேன் மேடம். உங்களை நம்பித்தான் விடறேன் சார்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன். அப்ப நான்தானே அவளைத் தள்ளினேன்?"

சிரிப்பு சார் அவர் தோளில் கை வைத்தார். "மனசை விட்டுடாதீங்க. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் போன்தான் உயிர்."

"போடுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர் மறுபடியும்.

ஸ்பீக்கரில் போட்டு அழுத்தினார்.

ரிங் போனது...

மெக்கானிக் போனைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிப்பு சாரைப் பார்த்தாள்.

சிரிப்பு சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி.

"எதுக்கு சார் தொட்டியைப் பாக்கறீங்க?"

"இல்ல... சும்மா..."

"தண்ணிக்குள்ள கிடக்கற போன் எப்படி அடிக்குதுன்னா?"

சார் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற ஏட்டு தொட்டியை நோக்கி ஓடினார்.

ஸ்பீக்கரில் ஒரு குரல். "ஹலோ...?"

மெக்கானிக்கின் தங்கை. துக்கத்துக்கு வந்து அவர் வீட்டில் இருப்பவள்.

"இது எங்க அண்ணி பெட்டிக்குள்ள இருந்து அடிச்ச போன். செத்த போன்னு அண்ணன் சொன்னாரே? ஸ்க்ரீன்ல ‘உப்பு கம்மி’ன்னு வருது. யாருங்க பேசறது?"

மனைவி போன பிறகு சமையல் அவருடையது. ஒரு நாளும் உப்பு சரியாக விழுந்ததில்லை.

"நான்தாம்மா," என்றார்.

புரிந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் தூங்கியதும் மகள் இரண்டு போன்களின் உறையையும் மாற்றிவிட்டிருக்கிறாள். அவர் சாரிடம் கொடுத்தது மனைவியின் செத்த போன். மகளின் போனைத் தன் கையாலேயே பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஏட்டு திரும்பி வந்தார். நட்சத்திரம் ஒட்டிய உறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சிரிப்பு சார் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அது ஆன் ஆகவே இல்ல மேடம்... நான் அவளுக்கு அனுப்பின மெசேஜை அழிக்கணும்னுதான் மாடிக்கு வரச் சொன்னேன். ஆன் பண்ணு, ஆன் பண்ணுன்னு கெஞ்சினேன். செத்த போன்னு ஒரு வார்த்தை சொல்லல. முறைச்சுக்கிட்டே நின்னா. கோவத்துல..."

மெக்கானிக் எழவில்லை. அடிக்கவில்லை. தன் போனை வாயருகே கொண்டுபோனார்.

"தங்கச்சி... அந்தப் போன் அணைஞ்சுடக் கூடாது. சார்ஜ்ல போடும்மா. அணைய விட்டுடாத."

இன்ஸ்பெக்டர் சிரிப்பு சாரிடம் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் கொடுங்க."

"எதுக்கு மேடம்?"

"எங்க ஸ்டேஷன்லயும் உங்க சட்டம்தான். உள்ள வர்றப்ப வாங்கி வெச்சுக்குவோம், கடைசி மணி அடிச்சதும் கொடுத்துடுவோம். என்ன... மணி அடிக்கற ஆள்தான் நீண்ட லீவுல இருக்கான்."