பின்னலை வெட்டிய கதை

அன்று மூன்றாம் வகுப்பறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை ஆனந்தபாய். முடியைக் காதளவு ஒட்டக் கத்தரித்திருந்த எட்டு வயது அஞ்சு. அவள் அம்மா அம்மிணி. அம்மிணியின் தம்பி சுனில்குமார். அக்காவைப் பைக்கில் இறக்கிவிட்டுப் போக வந்தவன், மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே ஏறினான். பிறகு லிஷா. தினக்கூலி டீச்சர், குற்றவாளி.

குற்றம் ஒரு கதை. கோபுரத்தில் அடைபட்ட இளவரசி, ராஜகுமாரன் தன் கூந்தலைப் பிடித்து ஏறிவரட்டும் என்று காத்திருப்பது பழைய கதை. லிஷா அதை மாற்றிச் சொன்னாள். இவள் காத்திருக்கவில்லை. பின்னலைத் தானே வெட்டி, ஜன்னலில் கட்டி, இறங்கிப் போய்விட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அஞ்சு வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலைத் தேடினாள்.

"பழனிக்கு நேர்ந்து வளத்த முடியாக்கும்!" அம்மிணியின் குரல் உடைந்தது. "இவளுக்க அப்பன் சித்திரையில லீவுக்கு வந்து, மலையில வச்சு எடுக்க வேண்டியது. ஒங்க கூட்டத்துக்கு நேர்ச்சைன்னா என்னன்னு தெரியுமா டீச்சரே?"

"நேர்ந்த முடின்னு எனக்குத் தெரியாது அக்கா... மன்னிக்கணும்."

ஆனந்தபாய் இருமினார். "புகாரு எழுதித் தந்தா நான் மேல அனுப்பணும். அனுப்பினா லிஷாவ இங்க வச்சுக்க முடியாது. பிள்ளைக்க அப்பன் கல்ஃப்புல. ரெஜிஸ்டர்ல பொறுப்பாளர் சுனில்குமார். புகாருக்கு அடியில அவருதான் ஒப்பு போடணும்."

மகளையும் இழுத்துக்கொண்டு அம்மிணி, ஆனந்தபாயோடு புகார் எழுத எதிர் அறைக்குப் போனாள். வராந்தாவில் லிஷாவும் சுனில்குமாரும் மழையும்...

"ராஜகுமாரன் வரவே இல்லியா டீச்சர்?"

"வந்தான். ஏணி எடுத்துட்டு வரச் சொன்னா. போனவன் திரும்பல்ல."

"பாவம், மழையா இருந்திருக்கும்."

"ராஜகுமாரனுக்குக் குடை கெடையாதாக்கும்?"

அவன் சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி நின்றது... அதைத் துடைக்காமலே அவளைப் பார்த்தான்.

"பயப்படாண்டாம். ஒரு கதைக்குப் போயி... நான் ஒப்பு போட மாட்டேன்."

தினமும் ஏறிவரும் உதியன்குளங்கரை பஸ்ஸில் எத்தனையோ கண்களைக் கண்டு முகம் திருப்பியவள், இந்தக் கண்களை நம்பினாள். முப்பத்தொரு வயதில் செய்கிற தப்பா அது?

"எலே சுனிலே! இஞ்ச வா."

அவன் போனான். திறந்த ஜன்னல் வழியே லிஷா பார்த்தாள். அக்கா காகிதத்தை நீட்டினாள். அவன் பேனா கேட்டு வாங்கி, குனிந்து கையெழுத்துப் போட்டான். எழுதியிருந்ததை வாசிக்கக்கூட இல்லை.

லிஷா வகுப்பறைக்குள் போய்ப் பையில் தன் பொருள்களைத் திணித்துக்கொண்டிருந்தபோது, சுனில்குமார் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர்... அக்காவ எதுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல. ஆனா ஒங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சத்தியமாட்டு."

"எனக்கும் பிடிச்சுது," என்றாள் லிஷா. "பத்து நிமிஷம்."

"நான் வீட்டுல வந்து பெண்ணு கேட்டா...?"

"அக்காட்ட கேட்டுட்டுதானா வருவிய?"

அவன் தலை குனிந்தது. பையைத் தோளில் போட்டாள். அவன் வராந்தாப் பக்கம் ஒதுங்கி வழிவிட்டான். அதை மட்டும் சரியாகச் செய்தான்.

சாவிக்கொத்தோடு வராந்தாவில் நின்ற ஆனந்தபாய், அவள் வெளியே வந்ததும் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.