பதில் சொல்லிவிட்டுப் போன திருடன்

திண்டு தைப்பவள் படியேறி வந்தபோது செக்கரம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பேருந்துகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டைச் சோதிக்கும் செக்கராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யார் பொய் சொன்னாலும் கோபப்பட மாட்டாள். அடுத்த நிறுத்தம் வரட்டும் என்று பேசாமல் இருப்பாள். கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவளுடைய நாத்தனாருக்கோ அந்தப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அழுத முகத்தோடு ஒருத்தி மேலே போவதைப் பார்த்ததுமே கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அக்கா, என் விளம்பரக் கணக்கை முடக்கிட்டாங்க," என்று செல்போனை நீட்டினாள் வந்தவள். முதுகுவலிக்காரர்களுக்குச் சாய்ந்துகொள்ளும் திண்டு தைப்பது அவள் தொழில். நான்கு வருஷமாக அந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள். "இந்த வாரம் மூணு மெஷின்ல ரெண்டு சும்மா நிக்குது. கூடத் தைக்கிற பொம்பளைங்க என் முகத்தையே பார்க்குறாங்க."

"ஏன் முடக்கினாங்களாம்?"

"யாரோ புது போன்லேர்ந்து உள்ள நுழைஞ்சிருக்காங்களாம். அது யாருன்னு சொல்லி மேல்முறையீடு பண்ணணும். ஒரே ஒரு வாய்ப்பு, நாளை சாயங்காலம் வரைக்கும். தப்பாச் சொன்னா கணக்கு ஒரேயடியாப் போயிடும்."

"ஹேக்கர்தான்!" என்று நாத்தனார் துள்ளினாள். "இல்லேன்னா போன மாசம் உங்ககிட்டேர்ந்து பிரிஞ்சு போய்த் தனியாத் தைக்கிறாளே, அவ. அண்ணி, இப்பவே போய்ப் பிடிச்சிடலாமா?"

"நீ முதல்ல உட்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு," என்றாள் செக்கரம்மா. பிறகு வந்தவளிடம், "என்னம்மா திருடு போச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் போகல. அதுதான் அக்கா பயமா இருக்கு. ரெண்டு பேருக்குப் பதில் மட்டும் போட்டிருக்கு."

செக்கரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். திண்டு அமுங்கிவிடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'எட்டு மணி நேரம் சாஞ்சு உக்காந்தாலும் அமுங்காது' என்று பதில். வியர்வையில் நனைந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். 'உறையைக் கழட்டி வெளியே கட்டினா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும்.'

"ஒரு மணி நேரத்துல காயுமா?"

"எங்க காயுது? எங்க கொடியில அரை நாள் ஆகும். கெட்டித் துணி."

நுழைந்த இடங்களின் பட்டியலும் இருந்தது. திங்கள் மதியம் ஒன்றேகாலுக்குத் துறைமுக ஊர். அன்று மாலை ஏழே முக்காலுக்குச் சுங்கச்சாவடி ஊர். செவ்வாய் மதியம் மலையடிவார ஊர். புதன் மாலை மறுபடி சுங்கச்சாவடி. வியாழன் மதியம் மறுபடி துறைமுகம்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "நானும் பொண்ணும். அவர் மூணு மாசமா வீட்டுக்கு வரல. லாரி ஷெட்லயே தங்கிக்கிறார். சிநேகிதங்க முன்னாடி என்னை 'பஞ்சு கம்பெனி முதலாளி'ன்னு சொல்லிச் சிரிச்சார். நானும் ரெண்டு வார்த்தை கூடுதலாப் பேசிட்டேன். அவரை இதுல இழுக்காதீங்க, அக்கா. அவருக்கு இந்தக் கணக்குன்னாலே இளக்காரம்."

செக்கரம்மா கடைசித் துணியையும் மடித்து அடுக்கி வைத்தாள்.

"இந்த மூணு ஊரும் ஒரே சாலையில இருக்கு. நான் வேலை பார்த்த தடம். ஹேக்கர் எங்கேயோ உட்கார்ந்த இடத்துலேர்ந்து நுழைவான். இவன் மதியச் சாப்பாட்டு நேரத்துலயும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துலயும் நுழைஞ்சிருக்கான், போன வழியாவே திரும்பியும் வந்திருக்கான். துறைமுகத்துலேர்ந்து சுங்கச்சாவடிக்கு பஸ்ல அஞ்சு மணி நேரம். இவனுக்கு ஆறரை ஆகியிருக்கு. சுமை ஏத்தின வண்டி."

"பிரிஞ்சு போனவ லாரியில போயிருக்கக் கூடாதா?" நாத்தனார் சுலபத்தில் விடுகிறவள் இல்லை.

"தைக்கிறவ பதில் எழுதினா எத்தனை தையல், என்ன பஞ்சுன்னு எழுதுவா. இது தைச்சவ எழுதினது இல்ல, அதுல சாஞ்சு உட்கார்ந்தவர் எழுதினது. ஓடுற வண்டியில வெளியே கட்டினாத்தான் அந்த உறை ஒரு மணி நேரத்துல காயும்." அவள் வந்தவளின் முகத்தைப் பார்த்தாள். "பாஸ்வேர்டு என்னம்மா?"

"அவர் லாரி நம்பர்."

"சண்டைக்கப்புறம் மாத்தலையா?"

"மறந்துட்டேன்," என்றாள் அவள். அது பொய் என்று மூன்று பேருக்குமே தெரிந்தது. செக்கரம்மா அதைச் சோதிக்கவில்லை. "கூப்பிட்டுக் கேளு," என்று மட்டும் சொன்னாள்.

மூன்று மாதமாகத் தொடாத எண். நாலாவது மணியில் கணவன் எடுத்தான். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"நான்தான்," என்றாள்.

"இரு. ஓரமா நிறுத்துறேன்." இரைச்சல் அடங்கியது. "பாப்பா நல்லாயிருக்காளா?"

"நல்லாயிருக்கா. என் கணக்குல நுழைஞ்சீங்களா?"

"பழைய போன் உடைஞ்சிடுச்சு. புதுசுல சும்மா போட்டுப் பார்த்தேன், திறந்துக்கிச்சு. நீ மாத்தலையேன்னு... சாப்பிட நிக்கிற இடத்துல, புதுப் படம் எதாவது போட்டிருக்கியான்னு பார்ப்பேன். ரெண்டு பேர் கேள்வி கேட்டுட்டுக் காத்துக் கிடந்தாங்க. மனசு கேக்கல."

"அதனாலதான் கணக்கையே முடக்கிட்டாங்க. நுழைஞ்சது யாருன்னு நான் எழுதிக் குடுக்கணும்."

"என்னாலயா? அப்போ திருடன்னே எழுதிடு. என்ன வந்தாலும் நான் பார்த்துக்கிறேன். உன் தொழில் நிக்கக் கூடாது."

நாத்தனார் ஆர்வத்தில் செல்போனுக்குள்ளேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது. செக்கரம்மா அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"திருடன்னு எழுதினா உங்க போனை நிரந்தரமா அடைச்சிடுவாங்க," என்றாள் மனைவி. "அப்புறம் வர்ற கேள்விக்கெல்லாம் யாரு பதில் சொல்றது? நான் தைப்பேனா, தட்டிக்கிட்டு உட்காருவேனா?"

"அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது..."

"பின்னாடி எவனோ ஹாரன் அடிக்கிறான். வண்டியை எடுங்க."

செல்போனை வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தாள். நுழைந்தவர் யார் என்ற கேள்விக்கு 'எனக்குத் தெரிந்தவர்' என்பதை அழுத்தி, கீழே இருந்த கட்டத்தில் 'என் கணவர்' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் மதியம் கணக்கு திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நபரை முறைப்படி சேர்த்து, அவருக்கு என்ன உரிமை என்று குறிப்பிட வேண்டும். முழு உரிமை, பதில் எழுத மட்டும், பார்க்க மட்டும் என்று மூன்று இருந்தன. விஷயத்தைச் சொல்ல வந்தவள், செக்கரம்மா வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து இரண்டாவதை அழுத்தினாள்.

"ஏன், முழு உரிமை குடுத்தா என்னவாம்?" என்று நாத்தனார் அங்கலாய்த்தாள். "பாவம், மனுஷன் அவ்வளவு உருகினாரே!"

"அதுக்கு வீட்டுக்கு வந்து மேல்முறையீடு பண்ணட்டும்," என்று எழுந்தாள் திண்டு தைப்பவள்.

செக்கரம்மா சிரித்துவிட்டாள்.