ரோட்டை வளைக்கச் சொன்ன காவேரி

வல்லக்கோட்டைச் சாலையில் பெரிய பெரிய லாரிகள் ஓடத் தொடங்கிய வருடம் அது. கம்பெனிகள் வந்தன. கூடவே சாலையை அகலப்படுத்த மஞ்சள் நிறப் பொக்லைனும் வந்தது. வந்தது, நேராக ஊர் எல்லையில் இருந்த சுமைதாங்கிக் கல் முன்னால் போய் நின்றது.

இரண்டு கல்தூண்கள், மேலே படுக்கையாக ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதில் இறக்கி வைக்கலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக, அந்தக் காலத்தில் ஊரார் நிறுத்தியது.

"உடைச்சுத் தள்ளுப்பா" என்றார் சூப்பர்வைசர் ரகுபதி.

பள்ளிக்குக் கிளம்பிய காவேரி ஓடிவந்து குறுக்கே நின்றாள். ஐந்தாம் வகுப்பு. குரல் மட்டும் பத்தாம் வகுப்பு.

"சார், இது எங்க ஊரு கல்லு சார்!"

"இருக்கட்டும். இப்ப இத யாரும்மா யூஸ் பண்றாங்க?"

"அதோ, எங்கம்மா."

தலையில் கத்தரிக்காய்க் கூடையோடு வந்த கனகம், அதைக் கல்லில் இறக்கினாள். "அப்பாடா, கழுத்தே போச்சு! இன்னாடி, இஸ்கூலுக்குப் போகலியா?"

"கல்லை உடைக்கப் போறாங்கம்மா."

"அய்யய்யோ! சந்தைக்குப் போற வழியில கூடையை எங்க இறக்கறது? இவரு தலையிலயா?"

பொக்லைன் ஓட்டும் நெல்லையப்பன் சிரித்துவிட்டார். சூப்பர்வைசர் முறைத்தார்.

காவேரி கொஞ்சம் யோசித்தாள். "சரி சார். கல்லு இங்கயே இருக்கட்டும். ரோட்டை வளைச்சுப் போட்டுடுங்க."

"இன்னாது? நான் இன்னா இடியாப்பமா புழியறேன், இஷ்டத்துக்கு வளைக்க?"

"அப்ப பாதி வளைங்க."

"ஒரு அடிகூட முடியாது!"

காவேரி பெருமூச்சு விட்டாள். "உங்களைப் பார்த்தாலும் பாவமாத்தான் கீது. ரோடு நேராவே போகட்டும். கல்லை மட்டும் அந்த பஸ் ஸ்டாப் ஓரமா தூக்கி வெச்சுடுங்க. இதான் கடைசிப் பேச்சு."

"லேசான வேலதான். தூக்கி வச்சிருதேன் சார்" என்றார் நெல்லையப்பன்.

'ஆளை விட்டால் போதும்' என்று ரகுபதி வேகமாகத் தலையாட்டினார்.

சங்கிலி கட்டி, மூன்று கற்களையும் பூப்போலத் தூக்கி நட்டார்கள். கனகம் கூடையை வைத்துப் பார்த்தாள். கல் ஆடவில்லை.

அப்புறம்தான் அவளுக்குப் பகீரென்றது. மகளை ஓரமாக இழுத்தாள்.

"ஏண்டி, ரோட்டை வளைச்சா நம்ம வூட்டு மேலதானே வரும்! அவரு சரின்னுட்டிருந்தா?"

"மொதல்ல சொன்ன வெலைக்கு உங்கிட்ட யாராவது கத்தரிக்கா வாங்கியிருக்காங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, காவேரி பள்ளிக்கு ஓடினாள்.