மாமா அள்ளிய குப்பை

தும்பி ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவளுடைய அம்மாவுக்கு, மூடிக் கிடந்த மலைச் சுரங்கத்துக்குக் கீழே வேலை.

சுரங்கத்திலிருந்து துரு கலந்த ஆரஞ்சு நிறத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை நாணல் வளர்த்த மூன்று குளங்களில் விட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி, கடைசிக் குளத்தை விட்டு வெளியே வரும்போது தண்ணீர் தெளிந்திருக்கும். அது போய்ச் சேரும் ஓடையில் இந்த வருடம்தான் மீன்குஞ்சுகள் வந்திருந்தன. தும்பிக்கு அவை என்றால் உயிர். குளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் அம்மாவின் வேலை.

அன்று அம்மா வெளியூர் போயிருந்தார். துணைக்கு வந்த மாமா ஒரு தையற்காரர். துணியில் ஒரு பிசிறு தொங்கினாலே அவருக்குக் கை பரபரக்கும்.

தும்பி பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, கடைசிக் குளம் கழுவித் துடைத்த தட்டுபோல இருந்தது. மட்கிய சருகும் சாய்ந்த தண்டுகளும் கறுப்புச் சேறும் கரையில் குவிந்து நாறிக்கொண்டிருந்தன.

"உங்கம்மா பாவம், ஒண்டியா எவ்வளவுதான் செய்வா? அதான் குப்பையெல்லாம் அள்ளிட்டேன்" என்றார் மாமா பெருமையாக.

தும்பி மதகைப் பார்த்தாள். ஆரஞ்சு நிறத் தண்ணீர் ஓடைப் பக்கம் போகத் தொடங்கியிருந்தது.

"மாமா, மீனுங்க செத்துடும். பலகையை இறக்குங்க, சீக்கிரம்."

இருவரும் மதகுப் பலகையை இறக்கினார்கள். தண்ணீர் நின்றது. ஆனால் குளம் நிரம்பினால் வழியத்தானே செய்யும்?

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "நல்லது செய்யப் போய் இப்படி ஆயிடுச்சே. அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் மாமா."

தும்பி நடுக் குளத்தில் கையை விட்டு, மட்கிய தண்டு ஒன்றை எடுத்தாள். அதன்மேல் துரு கனமாக அப்பியிருந்தது.

"பாத்தீங்களா? துரு இதுலதான் ஒட்டிக்குது. கடைசிக் குளத்துல இப்ப ஒட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"அட, குப்பையா வேலை பாக்குது?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப வா, வேலைக்காரங்களைத் திருப்பிக் கூப்பிடுவோம்."

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் குளத்தில் வாரிப் போட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட சுத்தமான கை இல்லை.

காலையில் குளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆனால் வழியவில்லை. தண்ணீரும் தெளிந்திருந்தது. தும்பி பலகையைத் தூக்கிவிட்டு, சேறும் சகதியுமாக ஓடைக்கு ஓடினாள். மீன்குஞ்சுகள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன.

அம்மா வந்ததும் மாமா எதையும் மறைக்கவில்லை. "உன் பொண்ணு இல்லேன்னா ஓடையே போயிருக்கும், அக்கா."

அம்மா தும்பியைச் சேறோடு அணைத்துக்கொண்டார். "நல்லவேளை நீ இருந்தேடி." பிறகு மாமாவைப் பார்த்தார். "நீயும் எனக்காகத்தானேடா செஞ்சே."

தும்பிக்கு அம்மாமேல், மாமாமேல், நாறுகிற அந்தச் சேற்றின்மேல்கூட நன்றி பொங்கியது.

அவளுடைய சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கியது. மாமாவின் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

"இருக்கட்டும்" என்றார். "அது என்ன வேலை பாக்குதோ, யாரு கண்டா?"