நூற்றிருபதுக் கோடு

அமலோற்பவத்தின் முன்னாலிருந்த வாக்குப் பொத்தான் எரியவில்லை. எதிர்ச்சுவரில் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயர்களும், பெயருக்கு நேரே அவரவர் குருதியழுத்தமும் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு 138. சிவப்பில்.

“கோட்டுக்கு மேல போனா ஓட்டு கிடையாதும்மா,” என்றார் பக்கத்து இருக்கை நவநீதன், சென்னையின் பெரிய இதய மருத்துவர். “புதுசா சேர்றவங்களுக்குப் பதட்டம் சகஜம். மூச்ச இழுத்து விடுங்க.”

“பதட்டமில்ல சார். கோவம்.”

“மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

எல்லார் மணிக்கட்டிலும் குருதியழுத்தம் பார்க்கும் நாடிவளை ஏறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மேலழுத்தம் 130-ஐத் தாண்டினால் பேருந்து கிளம்பாது, பாரந்தூக்கி அசையாது, படகின் எஞ்சின் அணைந்துவிடும். வேலை நடுவே ஒருவர் மயங்கி விழுந்து நாலு பேரைக் கொல்லக் கூடாதாம். அந்தக் கோட்டைப் போடுவது பன்னிரண்டு மருத்துவர்கள் கொண்ட உலக நாடிப் பேரவை. இன்று அதில் சேர்ந்த நான்கு புதிய உறுப்பினர்களில் அமலோற்பவம் ஒருத்தி. தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் நுழைந்து மருத்துவரான முதல் ஆள். இன்றைய தீர்மானம், வரும் ஜனவரி முதல் கோட்டை 120-க்கு இறக்குவது.

அவள் அண்ணன் கஸ்பாருக்கு எப்போதும் 126. காலையில் கடலிலிருந்து பேசினான்.

“ஏட்டி, நூத்தியிருவதுன்னா நான் கடலுக்குப் போனாப்பலதான். உங்காளுங்க என்ன, உப்பில்லாமத் தின்னு வளந்தவங்களா?”

ஓட்டு இல்லாவிட்டாலும் பேச உரிமை உண்டு. அமலோற்பவம் எழுந்தாள். விதிப்புத்தகத்தைக் குடைந்து ஒரு வழி வைத்திருந்தாள். சுவரில் ஒருவர்கூட 120-க்குக் கீழே இல்லை. கோடு இங்கேயே, இப்போதே 120 ஆகிவிட்டால், ஆதரித்தவர்கள் எல்லாரும் அதற்கு மேலே நிற்பார்கள். அவர்கள் வாக்கு செல்லாது. தீர்மானம் தானாகக் கவிழும்.

“ஜனவரி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? ஆபத்துன்னா இன்னைக்கும் ஆபத்துதானே. நிறைவேறுற நொடியிலேயே அமலாகட்டும்.”

தலைவர் இங்ரிட், எண்பது வயது, மகிழ்ந்து போனார். “இளையவருக்கு இருக்கும் அக்கறை நமக்கு இல்லாமல் போயிற்றே,” என்றது அவள் காதிலிருந்த மொழிபெயர்ப்பி.

ஆதரவு எட்டு, எதிர்ப்பு மூன்று. நிறைவேறிய கணமே சுவர் முழுக்கச் சிவந்தது. 124. 127. 122. இங்ரிட்கூட 121.

அமலோற்பவம் சிரித்தாள். “இப்ப உங்க யாருக்கும் ஓட்டில்ல. தீர்மானம் செல்லாது.”

நவநீதன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “அழுத்துன நேரத்துல எல்லாரும் கோட்டுக்குக் கீழதாம்மா இருந்தோம். அது செல்லும். இனிமே போடுறதுதான் செல்லாது.”

“அப்ப திருப்பிப் போடுங்க.”

“எத வெச்சு?” தன் பொத்தானைத் தட்டிக் காட்டினார். அதுவும் இருண்டு கிடந்தது.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. கஸ்பார்.

“ஏட்டி, எஞ்சின் அணைஞ்சிட்டு. வளை செவப்பா எரியிது. பக்கத்துல நாலு படகும் அப்படியே நிக்கி. கச்சான் காத்து கரைய விட்டு வெளிய தள்ளுது. நீங்க என்னமும் பண்ணினியளா?”

சுவரில் அவள் எண் 151.

செல்லத்தக்க வாக்குகளில் பெரும்பான்மை போதும் என்பது விதி. ஒரே ஒருவர் 120-க்கு இறங்கினாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். பன்னிரண்டு மருத்துவர்களும் நோயாளிகளிடம் சொல்வதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கவலைப்படாதீர்கள். நல்லதையே நினையுங்கள். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினார். எண்கள் ஏறின.

இங்ரிட் மட்டும் 121-இல் நின்றார். ஒரே ஒரு புள்ளி. எல்லார் பார்வையும் அவர்மேல் விழ, கிழவி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கைப்பேசியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அமலோற்பவத்தால் உட்கார முடியவில்லை. ஓடிப்போய் இங்ரிடின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, எங்கண்ணன் கடல்ல கெடக்கான்.”

சுவரில் இங்ரிடின் எண் 129 ஆனது.