ஹியூபேட் அண்ணனின் சத்தம்

கிற்றார் வயர் கட்டிலின் மேல் சுருண்டு கிடந்தது. அம்ப்புகளின் சத்தத்தை நகல் எடுத்து வைக்கும் பெட்டியான மொடலரில் எதுவுமே செருகியிருக்கவில்லை. இருந்தும் மேசையின் இரு பக்கமும் நின்ற ஸ்பீக்கர்கள் அடுத்த அறையில் பழைய குளிர்சாதனப் பெட்டி ஓடுவது போல அடித்தொண்டையில் விடாமல் இரைந்துகொண்டிருந்தன. ரெனால்ட் கதவடியில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டான். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் சனிக்கிழமை பிற்பகல் சத்தத்துக்கா பஞ்சம்? கீழே ஆட்டோ ஒன்று பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தது, எதிர்ப் பக்கம் புது மாடிக்குக் கம்பி வெட்டினார்கள், கரையோரமாக ரயில் ஒன்று ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போனது. அத்தனைக்கும் அடியில் இந்த இரைச்சல் தனியாகக் கேட்டது. அது என்ன இரைச்சல் என்று அவனுக்குத் தெரியும்.

பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை நிப்பாட்டினான். இரைச்சல் உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு எடுக்கும் நேரம் தாமதித்து, பிறகுதான் அடங்கியது.

“தம்பி!” கீழ் வீட்டு கனகேஸ்வரி அன்ட்டி மொட்டை மாடியில் காய்ந்த உடுப்புகளைச் சுமந்துகொண்டு படியில் நின்றார். இந்த அறையை அவனுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். “காலமை முழுக்க வாசிச்சனீர், நல்லாத்தான் இருந்தது. நான் சமையலை விட்டிட்டு நிண்டு கேட்டனான். ஆனா அந்த இரைச்சலை ஒருக்கா பாரும். காதுக்குள்ளயே நிக்குது.”

“காலைல நான் வீட்ல இல்லையே அன்ட்டி. கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தன்.”

“அப்ப ஆர் வாசிச்சது?”

“ரெக்கோர்டிங்கா இருக்கும்,” என்றான் ரெனால்ட். பொய் சொல்வதில் இந்த ஒரு வருடத்தில் அவனுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

அவர் இறங்கிப் போகும் வரை சிரித்தபடி நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினான். ஐந்து மணிக்கு பேர்ணடெற் அக்கா வருகிறார். நாளைக்கு அவர் கணவர் ஹியூபேட் இறந்த ஓராண்டு நினைவுத் திருப்பலி. பூசை முடிந்ததும் ஹியூபேட்டின் கிற்றார் சத்தத்தில் ஒரு பாட்டு வேண்டும், அதை முதலில் தான் தனியாக இருந்து கேட்க வேண்டும் என்று அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஹியூபேட்டின் கிற்றாருக்குச் சத்தம் கொடுத்த அம்ப் வழக்குப் பொருளாகப் பொலிஸில் கிடக்கிறது. அந்தச் சத்தம் மிச்சமிருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டுந்தான். அவரே எடுக்க விட்டது என்றுதான் அக்காவிடம் சொல்லி வைத்திருந்தான்.

ஒரு தடித்த அகராதி அளவுதான் மொடலர். காலால் மிதிக்கும் நாலு சுவிட்ச், ஒரு சின்னத் திரை, ஓரத்தில் பாதம் வைத்து அழுத்தும் ஒரு பெடல். எந்த அம்ப்பையும் அது நகல் எடுக்கும். அம்ப்புக்கு வயரைக் கொடுத்து, முன்னால் மைக்கை வைத்துவிட்டால், பெட்டி மூன்று நிமிடம் கீச்சிட்டும் உறுமியும் அம்ப்பைக் கேள்வி கேட்கும். அம்ப் பதில் சொல்லும். அதன் பிறகு அந்த அம்ப் தேவையில்லை, அதை வைத்திருப்பவரும் தேவையில்லை. அதுதான் ரெனால்டுக்குப் பிடித்திருந்தது. மறைத்து என்ன, மிகவும் பிடித்திருந்தது.

ஹியூபேட் அண்ணன் தன் வால்வ் அம்ப்பை யாரையும் தொட விடமாட்டார். “மல்லி, என்ட பொண்டாட்டியப் பத்திக்கூட கதைக்கலாம், என்ட அம்ப்பப் பத்தி மட்டும் கதைக்கப்படாது,” என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லிச் சிரிப்பார். மேடையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் வாசிப்பார். சோலோ வரும்போது பெடலை அப்படியே மெதுவாக, மாவை அழுத்துவது போல அழுத்துவார். கலியாண வீடுகளில் சனம் சாப்பாட்டை விட்டு எழுந்து வரும். பக்கத்தில் நின்று வெறும் கோர்ட் வாசிக்கும் ரெனால்டை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள்.

அண்ணன் சாவதற்குச் சில நாள் முன் தெமட்டகொடையில், டயர் கடைக்குப் பின்னால் இருந்த பயிற்சி அறையில், அண்ணன் தேத்தண்ணியும் பற்றிஸும் வாங்கப் போன நேரத்தில் ரெனால்ட் மைக்கை வைத்தான். அந்த அறையின் வயரிங் உதவாது, அம்ப் இரைந்தது. இரைச்சலோடு நகல் எடுத்தால் நகலும் இரையும். அதை நிப்பாட்ட இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மூன்று கால் பிளக்கைக் கழற்றி எர்த் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அம்ப்புக்குள் எங்காவது மின்சாரம் ஒழுகினால் அதைப் பத்திரமாக மண்ணுக்கு இறக்குவது அந்த வயர். அது இல்லாவிட்டால் அம்ப் அமைதியாகிவிடும். ஒழுகும் மின்சாரம் கிற்றார்க் கம்பியில் வந்து காத்திருக்கும், வாசிப்பவர் மைக் மாதிரி எர்த் உள்ள எதையாவது தொடும் வரை.

நகல் சுத்தமாக வந்தது. படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. பிளக்கை மூடிச் செருகத்தான் நேரம் இருந்தது. வயரைத் திரும்பப் பூட்ட நேரமில்லை. நாளைக்குப் பூட்டலாம் என்று நினைத்தான். மறுநாளும் போனான், பார்த்தான், அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். ‘ஏன்டா என்ட பிளக்கக் கழட்டுற?’ என்று கேட்டால் என்ன சொல்வது? விட்டுவிட்டான். மறந்து போய் விடவில்லை. வெட்கத்தில் விட்டான்.

அந்த வாரச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் கலியாணம். இரண்டாவது பாட்டில் ஹியூபேட் பாடக் குனிந்தார். உதடு மைக்கில் பட்டது. அவர் மைக்கை விடவில்லை. உடம்பு முழுக்க ஆடியது. வாத்தியமும் அவரோடு சேர்ந்து ஒரே சுருதியில் அலறியது. அவர் வித்தை காட்டுகிறார் என்று நினைத்துச் சனம் கை தட்டியது. ரெனால்டுக்கு மட்டும் உடனே தெரிந்தது. அவன்தான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். எல்லாரும் அண்ணனைச் சுற்றி நின்று அழுதபோது, திரைச்சீலைக்குப் பின்னால் குந்தியிருந்து அந்த எர்த் வயரைத் திரும்பப் பூட்டியவனும் அவன்தான்.

பொலிஸார் மண்டபத்து வயரிங்கில்தான் பிழை என்றார்கள். மண்டபத்தில் மின்வேலை பார்த்த சூசைதாசன் மேல் வழக்கு. மூன்று பிள்ளைகளின் தகப்பன். அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு.

நாலே முக்காலுக்கு ரெனால்ட் மொடலரைத் திரும்பப் போட்டான். திரையில் ‘ஹியூபேட்’ என்று அவனே பெயர் வைத்த நகலைத் தேர்ந்தான். இரைச்சல் வந்தது. அவன் எடுத்த நகலில் துளி இரைச்சலும் இருக்கவில்லை. இரைச்சல் இல்லாமல் எடுக்கத்தானே அத்தனையும் செய்தான். வேறு நகலுக்கு மாற்றினான்; அமைதி. ‘ஹியூபேட்’டுக்கு வந்தான், இரைந்தது. கீழே குனிந்து வயர்களைப் பார்க்கையில்தான் பெடலைக் கண்டான். குதிகால் பக்கம் சாய்ந்திருந்த பெடல் முன்னுக்குச் சரிந்துகொண்டிருந்தது. மெதுவாக. மாவை அழுத்துவது போல. முழுக்க இறங்கி நின்றது.

கையை வைத்துப் பார்த்தான். றப்பர் சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. விரலை மணந்தான். வியர்வை, அதற்கு மேல் முடி கருகிய வாடை.

“மாதாவே,” என்றான்.

கதவு தட்டப்பட்டது.

பேர்ணடெற் அக்கா வெள்ளைச் சேலையில் இருந்தார். கொச்சிக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல். “என்ன மல்லி, இப்பிடி எலும்பும் தோலுமா ஆகிட்ட? சாப்பிடுறதே இல்லையா? இந்தா, இடியப்பமும் சொதியும். அவருக்குப் பிடிச்ச சொதி.”

அவன் பார்சலை வாங்கினான். அவன் கண் பெடலை விட்டு வராததை அக்கா பார்த்தார், தப்பாக விளங்கிக்கொண்டார்.

“எனக்கும் அப்பிடித்தான். நாளைக்கு ஒரு வருசம். வியாழக்கிழமை அந்த சூசைதாசன உள்ள போட்டாத்தான் எனக்கு நித்திர வரும். அவன்ட பொண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து என்ட கால்ல விழுந்தா தெரியுமா? எழும்பிப் போ எண்டுட்டன்.” அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். “வாசி மல்லி. எவ்வளவு நாளாச்சு அவர்ட சத்தத்தக் கேட்டு.”

இப்போது சொல்ல வேண்டும். ரெனால்டுக்கு அது துலக்கமாகத் தெரிந்தது. இப்போது சொன்னால் சூசைதாசன் வீட்டுக்குப் போவான்; தான் உள்ளே போக வேண்டியதுதான், போகலாம். ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்கும். ஒரு பாட்டு மட்டும் வாசித்துவிட்டுச் சொல்கிறேன், பாவம், கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தா என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு கிற்றாரை எடுத்து மாட்டினான். வயரைச் செருகினான். வலது பாதத்தைப் பெடலில் வைத்தான்.

முதல் சுரத்திலேயே அக்காவின் உதடு துடித்தது. அவன் வாசித்தது மாதா பாட்டு ஒன்று, ஹியூபேட் கலியாண வீடுகளில் கடைசி ஆட்டப் பாட்டுக்கு முன் எப்போதும் வாசிப்பது. ஸ்பீக்கரிலிருந்து வந்தது அவன் வாசிப்பை விட நன்றாக இருந்தது. ஒவ்வொரு சுரமும் அவன் விரலுக்கு ஒரு கணம் பிந்தி வந்தது. பிறகு முந்தி வந்தது.

அவன் நிப்பாட்டினான்.

பாட்டு நிற்கவில்லை.

இடது கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்கள் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. அவன் இறுக்கவில்லை. பெடலில் இருந்த பாதத்தின் மேல் ஏதோ பாரம். இன்னொரு பாதம். வெறும் பாதம். சூடு.

சொல்லிவிடு. சொன்னால் விட்டுவிடும்.

“அக்கா, பிளக்கைக் கழட்டினது நான்தான்.”

உதடு அசைந்தது. நாக்கு பல்லில் பட்டது. குரல் வரவில்லை. அதற்குப் பதில் ஸ்பீக்கரில் ஒரு சுரம் நீண்டு எழுந்து, உச்சியில் லேசாக நடுங்கியது.

“ஐயோ,” என்றார் அக்கா. “இதுதான். இதுதான் அவர்.”

“சூசைதாசன் ஒண்டும் செய்யல்ல அக்கா!”

நாலு சுரம். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அவ்வளவு இதமாக.

“நான்தான் கொன்னது! நான்தான்!”

மேலே. இன்னும் மேலே. அழுகை வரும் இடத்தில் ஒரு சின்ன வளைவு.

அக்கா கண்ணைத் திறந்தார். அவனைப் பார்த்தார். வாய் பிளந்து, கன்னமெல்லாம் ஈரமாக, கழுத்து நரம்பு புடைத்து நிற்கும் அவனைப் பார்த்தார்.

“அழு மல்லி,” என்றார் கனிவாக. “நீயும் எவ்வளவு நாள்தான் அடக்கி வச்சிருப்ப? அழுதுகொண்டே வாசி.”

வலது கை மட்டும் அவனுடையதாக இருந்தது. அதை நீட்டினான், சுவர் எட்டவில்லை. சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினான். பிடுங்கு. பிடுங்கு அக்கா. விரல் துடித்தது.

அக்கா அவன் காட்டிய பக்கம் திரும்பினார். அங்கே ஸ்பீக்கர் இருந்தது.

“சத்தத்தக் கூட்டவா?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்றுதான் ஆட்டினான். பாட்டின் தாளத்துக்குத் தலை ஆடியது.

பேர்ணடெற் அக்கா எட்டி, ஸ்பீக்கரின் குமிழை முழுக்கத் திருகினார். பிறகு கணவரின் தோளில் சாய்வது போல அதன் மேல் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரெனால்ட் தன்னால் முடிந்த மட்டும் கத்தினான். அது இன்னும் அழகாகக் கேட்டது.