செத்தவனின் கார்புரேட்டர்

மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்தபோது அவள் கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே அப்பாவின் பழைய பெட்ரோல் லாரி பானெட்டைத் திறந்துகொண்டு, பல் பிடுங்க உட்கார்ந்தவனைப் போல வாயைப் பிளந்து நின்றது. அப்பா போன பிறகு அது நகரவே இல்லை.

சித்தப்பா பின்னாலேயே வந்தார்.

"சாயந்திரம் காயலான் கடைக்காரன் கிரேனோட வர்றான். அதுக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வண்டி உனக்கும் உங்கம்மாவுக்கும். ஆகலைன்னா இரும்பு வெலைக்குப் போகுது. அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது."

"சிந்தினாலும் உங்க சட்டையில சிந்த மாட்டேன் சித்தப்பா."

"பட்டம் வாங்கினதுல வாய்தான் வளந்திருக்கு."

"கையும்தான். பாக்கத்தானே போறீங்க."

அவர் போய்விட்டார். மறுநாளிலிருந்து மரக்கடைக்குப் பலகை ஏற்ற அவள் பேசி வைத்திருந்தாள். வண்டி ஓடினால் சொந்தச் சோறு. ஓடாவிட்டால் அம்மாவும் அவளும் சித்தப்பா வீட்டுப் பின்னறையில், அவர் முகத்தைப் பார்த்து முழுங்க வேண்டிய சோறு.

லாரி எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டரின் உடம்பில் விரிசல். புதிது வாங்க வழியில்லை. முந்தின நாள் போனபோது காயலான் கடை மூலையில் இதே மாதிரி லாரி ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த எல்லா வண்டியையும் உரித்திருந்தார்கள். அதில் மட்டும் ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

"வேண்டாம்மா," என்றிருந்தார் கடைக்காரர். "அதோட டிரைவர், உசுரோட இருந்தப்பவே வேற ஆளை சீட்டுல ஏற விடமாட்டான். அதுலயேதான் செத்தான்."

"செத்தவருக்கு எதுக்குண்ணே கார்புரேட்டர்?"

கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

தட்டில் பெட்ரோல் ஊற்றிக் கழுவினாள். உடம்பு செத்த டிரைவருடையது; மிதவையும் ஊசியும் அப்பாவின் பழையதிலிருந்து. இடுக்கை அடைக்க அட்டையை வெட்டி கேஸ்கெட் செய்தாள். மிச்சம் இருந்தது, பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட். மயிரிழை போன்ற அந்தத் துளையில் அழுக்கு அடைத்திருந்தால் வாயால் ஊதித்தான் எடுப்பார்கள். அப்பாவும் அப்படித்தான். ஜெட்டை உடம்பில் முடுக்கிவிட்டு, அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினாள்.

காற்று போயிற்று.

பிறகு, திரும்பி வந்தது.

வெதுவெதுப்பாக. சுருட்டுப் புகையும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றத்தோடு. அவள் வாய்க்குள்ளேயே யாரோ மூச்சு விட்டதைப் போல.

துப்பினாள். தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தாள். கார்புரேட்டரை எஞ்சினில் ஏற்றி முடுக்கினாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. சீட்டில் ஏறி செல்ஃப் அடித்தாள். எஞ்சின் இருமி, பிடித்து, உறுமியது. இறங்கி ஓடி, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை எஞ்சின் சீராக ஓடும்படி திருப்பி வைத்தாள்.

கையை எடுத்ததும் ஸ்குரூ சுற்றியது.

தானாக. நிதானமாக. உள்பக்கமாக.

எஞ்சின் செத்தது.

மறுபடி அடித்தாள். மறுபடி திருப்பினாள். மறுபடி அது சுற்றியது. ஒருவேளை பெட்ரோல் ஏறவில்லையோ என்று, கார்புரேட்டரில் காற்று நுழையும் தொண்டையில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தாள். எஞ்சின் ஓடாதபோது அங்கே இழுவை இருக்க வழியே இல்லை.

தொண்டை அவள் கையைக் கவ்வி இழுத்தது.

தோல் உள்ளே போயிற்று. எலும்பு வலித்தது. மழைச் சத்தத்துக்கு அடியில், காதருகே, புகையேறிய குரல்.

"எறங்கு."

அவளுக்கு வந்தது பயம்தான். ஆனால் அந்தச் சொல் பயத்தைவிட ஆழமான ஏதோ ஒன்றில் போய்க் குத்தியது. எத்தனை பேர் சொன்ன சொல் அது! பள்ளிக்கூடத்து முன் பெஞ்சிலிருந்து எறங்கு, விழா மேடையிலிருந்து எறங்கு, அப்பாவின் சீட்டிலிருந்து எறங்கு. இப்போது செத்தவனும் வந்துவிட்டான்.

"முடியாது," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ யாரு என்னை எறங்கச் சொல்ல? சாயந்திரம் கிரேன் வருது. இது ஓடலைன்னா என் வண்டி மட்டுமில்ல, அதுல ஒட்டியிருக்கிற நீயும்தான் உருக்காலைக்குப் போவ. உருகி யார் வீட்டு ஜன்னல் கம்பியாவோ நிக்கப்போறியா? இல்ல, ரோட்டுல ஓடப்போறியா?"

மழை கொட்டியது.

"சொல்லித் தொலை. எனக்கு நேரமில்ல."

கை விடுபட்டது. உள்ளங்கையில் வட்டமாக ரத்தம் கட்டியிருந்தது. ஸ்குரூவைத் திருப்பினாள். அது அங்கேயே நின்றது. செல்ஃப் அடித்ததும், புது வண்டிபோல எஞ்சின் ஓடியது.

கிரேனோடு வந்த சித்தப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். முகத்தில் கணக்கு மாறியது.

"பரவாயில்லையே. சரி, சாவி அதுலயே இருக்கட்டும், நானே ஓட்டிக்கறேன். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு லாரி?"

"பேச்சு வேற மாதிரி இருந்துச்சே சித்தப்பா."

"பேச்சு கெடக்குது. நகரு."

ஏறினார். கதவைச் சாத்தினார்.

அவள் தடுக்கவில்லை. கதவின் கண்ணாடி உள்ளிருந்து மெல்லப் புகை படிந்து வெளுத்தது.

கதவு திறந்தது. சித்தப்பா இறங்கவில்லை, விழுந்தார். தரையில் தவழ்ந்தே வாசல்வரை போனார்.

"உள்ள... உள்ள யாரு?"

"வண்டி யாருதுன்னு சொன்னீங்க?"

"உன்னுதும்மா. உங்கம்மாவுதும்மா. நல்லா இரு."

கிரேன்காரன் கிரேனை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் பானெட்டை மூடி, ஏறி உட்கார்ந்தாள். மழையில் எல்லாம் சில்லிட்டிருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு இடம் மட்டும் சுட்டது, யாரோ அப்போதுதான் கையை எடுத்தது போல. அந்த இடங்களிலேயே அழுத்திப் பிடித்து, வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள்.

தெருமுனை வளைவு நெருங்கியது. வேண்டுமென்றே இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும்," என்றாள். "நாளையிலேர்ந்து நான்தான்."

ஸ்டியரிங் மெதுவாக, அனுபவப்பட்ட கையின் நிதானத்தோடு, இடது பக்கம் சுழன்றது.